மருமகள் கொடுத்த சிறுநீரகம்

காலை வெயில் நுண்ணோக்கியின் மேல் சாய்ந்து விழுகிறது. இரட்டைக் கண்குழல் வைத்த அந்த ஒரே கருவியில் எதிரெதிரே குனிந்திருக்கிறார்கள், திசுவைப் பார்த்து நோய் சொல்லும் டாக்டரம்மாவும் சிறுநீரகத்தைப் பொருத்திய சர்ஜனும். மருமகள் மாமியாருக்குக் கொடுத்த சிறுநீரகத்திலிருந்து எடுத்த நூலிழைத் துணுக்கு கண்ணாடித் தகட்டில் ஒளிர்கிறது. நேற்று நீலச் சாயத்தில் வெள்ளணுக்கள் கும்பல் கும்பலாகத் தெரிந்தன. அந்நியத் திசுவை அடிக்க வந்த கூட்டம் என்று முடிவுகட்டிய சர்ஜன், வெள்ளணுக்களை அழிக்கும் கடும் மருந்தை மேல்மாடியில் ஏற்றத் தயாராக வைத்திருக்கிறார். இன்று பழுப்புச் சாயம். "நல்லா பாருங்க சார். பழுப்பா இருக்கிறதெல்லாம் வெள்ளணுக்கள்லயே அடக்கி வைக்கிற வகை, டி செல். அடிக்க ஓங்கின கையைப் பிடிச்சு நிறுத்துற ஆளுங்க." டாக்டரம்மா திருகைத் திருப்பித் தகட்டை மெல்ல நகர்த்துகிறார். சிறுகுழாய்களைச் சுற்றிப் பழுப்புப் புள்ளிகள் நெருங்கி நிற்கின்றன. குழாய்ச் சுவர் ஒன்றுகூடக் குலையவில்லை. "ரத்தப் பரிசோதனையும் நல்லாத்தான் இருக்கு. அந்த மருந்தை ஏத்தினா இவங்களும் சேர்ந்து காலி." சர்ஜன் தொலைபேசியை எடுக்கிறார். "சிஸ்டர், அந்த மருந்து வேண்டாம். எடுத்து உள்ள வைங்க."

வாசலில் மருமகள், தையல் போட்ட விலாவைக் கையால் தாங்கியபடி நிற்கிறாள். "என்ன டாக்டர், உள்ளேயும் என்னை ஏத்துக்கலையா?"

"கூட்டம் கூடிச்சும்மா," என்கிறார் டாக்டரம்மா. "ஆனா உங்க மாமியார் உடம்புக்குள்ளேயே உங்களுக்காகத் தடுத்துப் பேச ஆள் இருக்கு."

அவள் சிரிக்கிறாள். தையல் இழுக்க, பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்குள்ள போனப்போ இப்படித் தடுத்துப் பேச ஒருத்தர்கூட இல்லையே டாக்டர்!"