தள்ளாதீங்கக்கா!

"இன்னைக்கு அவனா நானான்னு பாத்துடறேன்!" நகர மன்றத் தலைவி கழிவறைக் கதவை மறுபடியும் தட்டினார்.

அவருக்குப் பின்னால் மன்றமே அந்தக் குறுகலான நடையில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. ஏதோ இரும்புச் சாமான் தரையில் உருளும் சத்தம் மட்டும் கேட்டது.

"கோவத்துல வாளியை உதைக்கிறார் போல" என்றார் துணைத் தலைவரான பேக்கரிக்காரர்.

விஷயம் சின்னதுதான். சலூன் வாசலில் இருக்கும் பஸ் நிறுத்தத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். அந்த முனையில் பஸ் திரும்ப இடம் போதவில்லை. ஆனால் நிறுத்தத்தின் நிழற்குடைதான் சலூனுக்கு வரவேற்பறை. முடி வெட்ட வருகிறவர்கள் அங்கேதான் உட்கார்ந்து தங்கள் முறைக்குக் காத்திருப்பார்கள். சலூன்காரர் ஒத்துக்கொள்வாரா?

அவர் மன்ற உறுப்பினர் வேறு. போதாக்குறைக்குத் தலைவியின் கூடப் பிறந்தவர். கூடப் பிறந்தவர் என்றால் நிஜமாகவே கூடவே பிறந்தவர். இரட்டையர்.

தலைவி சில நிமிஷம் மூத்தவர். அந்தச் சில நிமிஷத்துக்காக ஒரே ஒரு தடவை 'அக்கா' என்று கூப்பிடச் சொல்லி ஐம்பது வருஷமாகக் கெஞ்சியும் மிரட்டியும் பார்த்துவிட்டார். "போடி" என்பதற்கு மேல் ஒரு மரியாதையும் கிடைத்ததில்லை.

போன கூட்டத்தில் இந்தத் தீர்மானத்தை எடுத்ததுமே சலூன்காரர், "வயிறு சரியில்ல" என்று எழுந்து போய்விட்டார். ஓர் ஆள் குறைந்ததால் ஓட்டெடுப்பே நடத்த முடியவில்லை. இன்றைக்கும் அதே தீர்மானம் வந்தது. நிமிர்ந்து பார்த்தால் அவர் நாற்காலியில் துண்டு மட்டும் கிடந்தது. தேடிக்கொண்டு வந்தால், கழிவறை பூட்டியிருந்தது.

"குரல் கேட்டாப் போதும்மா. ஆள் இருக்கிறதா எழுதிக்கலாம்" என்றார் செயலாளர். "மூஞ்சி தெரியணும்னு விதியில எங்கேயும் இல்ல."

பேக்கரிக்காரர் தோளைக் கொடுத்துக் கதவை ஒரு தள்ளு தள்ளினார்.

"தள்ளாதீங்க!"

உள்ளே நாலு சுவரிலும் முட்டி மோதி வந்ததில், கத்துவது மனிதனா குகையா என்றே தெரியவில்லை. ஆனாலும் குரல் குரல்தானே!

"எழுதியாச்சு" என்றார் செயலாளர்.

தலைவிக்கு வெற்றிச் சிரிப்பு வந்துவிட்டது. கதவோரம் குனிந்தார். "கேட்டுக்கோடா! ஓட்டுக்கு விடப்போறேன். உன்னால ஆனதைப் பாத்துக்கோ. தள்ளத்தான் போறோம்!"

"ஐயையோ! தள்ளாதீங்கக்கா!"

தலைவியின் கை கதவிலேயே நின்றுவிட்டது.

"என்னடா சொன்னே?"

"தள்ளாதீங்கக்கா! தள்ளுனா நான் விழுந்துடுவேன். புள்ளகுட்டிக்காரன்க்கா!"

தலைவி மெதுவாகத் திரும்பினார். "கேட்டீங்களா? அக்கான்னுட்டான். 'ங்க' வேற போடறான்."

"கேட்டுச்சும்மா" என்றார் பேக்கரிக்காரர். "பாவம், தொழில் விழுந்துடும்ங்கிறார்."

"கொஞ்சம்தான்டா தள்ளுவோம்..." தலைவியின் குரல் இப்போது வேறு மாதிரி ஆகிவிட்டது. மன்றத்தில் யாரும் கேட்டிராத குரல்.

"கொஞ்சங்கூட வேணாம்க்கா! உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

தலைவி கர்சீப்பை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து நின்று, "இந்தத் தீர்மானத்தை எதிர்க்கிறவங்க கையைத் தூக்குங்க" என்று சொல்லி, முதல் ஆளாகத் தன் கையைத் தூக்கினார்.

"அம்மா, இது நீங்க கொண்டுவந்த தீர்மானம்..." என்று செயலாளர் இழுத்தார்.

"தெரியும். எழுதுங்க."

சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. மற்ற கைகளும் மடமடவென்று மேலே போயின. தீர்மானம் அங்கேயே, கழிவறை வாசலிலேயே, ஒருமனதாகத் தோற்றது.

"வெளிய வாடா, என் ராசா. இனிமே யாரும் தள்ள மாட்டாங்க. அக்கா இருக்கேன்ல?"

"ரொம்ப நன்றிக்கா!"

தாழ்ப்பாள் விலகியது. தலைவி இரண்டு கைகளையும் அகல விரித்தார்.

தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நனைந்த ஒரு குழாய் ரிப்பேர்காரர், ஒரு கையில் ஸ்டூலும் இன்னொரு கையில் ஸ்பேனருமாக வெளியே வந்தார். இத்தனை பேர் காத்து நிற்பதைப் பார்த்து அவருக்கே சங்கடமாகிவிட்டது.

"எல்லாருக்கும் அவசரமாக்கா? இப்பப் போகலாம், தண்ணி வருது."

தலைவி விரித்த கைகளை மடக்கவும் தோன்றாமல் நின்றார். அந்த நேரம் பார்த்துப் படியில் தடதடவென்று யாரோ ஏறி வந்தார்கள். சலூன்காரர்! தலையெல்லாம் கண்ணாடித் தூள். கையில் அவருடைய கடைப் பலகையின் பாதி.

"ஏன்டி, பஸ்ஸு கடைக்குள்ளயே வந்துடுச்சு, நீங்க எல்லாரும் இங்க கக்கூஸ் வாசல்ல என்ன பண்றீங்க? மொதல்ல அந்த ஸ்டாப்பைத் தள்ளி வைடி!"