பழைய செருப்பு

"திங்கட்கிழமையிலேர்ந்து இருபத்துநாலு மணி நேரமும் நான் உன்கூடத்தான்."

சாப்பாட்டு மேசையில் ஓய்வுக் கடிதத்தை விரித்து, பேனா மூடியைக் கழற்றியபடி சொன்னார் மாஸ்டர். முப்பத்தெட்டு வருடமாக வீடியோ கேம் வடிவமைப்பவர். அவருடைய முதல் விளையாட்டில் கிணற்றில் விழுந்த குள்ள வீரனை மேலே ஏற்ற, ஒரு தலைமுறையே கட்டைவிரல் தேயத் தேய ஆடியது. அந்தப் பெருமையில் அடுத்த பன்னிரண்டு விளையாட்டுகளிலும் அவனைக் கிணற்றிலேயே தள்ளிக்கொண்டிருந்தார்.

மனைவியின் கண்கள் கலங்கின. சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார்.

"உங்களுக்கு எது நல்லதுன்னு படுதோ செய்யுங்க. எனக்கும் ஒரு துணையாச்சு" என்றாள் அவள்.

ஆபீஸில் அவர் எப்போது போவார் என்று தவம் கிடந்தார்கள். நிறுவனத்தின் புதுத் தலைவி, பள்ளிச் சீருடையோடு அவருடைய விளையாட்டை ஆடி வளர்ந்தவள், போன வாரம் அவரை அறைக்கு அழைத்து, "நீங்க எங்களுக்கெல்லாம் ஆலமரம் சார்" என்றிருந்தாள். பூரித்துப்போய் நன்றி சொல்லிவிட்டு வந்தார். ஆலமரத்தடியில் புல்கூட முளைக்காது என்பது இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. அதற்குள் கடிதம் தயாராகி, வெள்ளிக்கிழமை பத்து மணிக்குள் கையெழுத்தோடு வேண்டும் என்று ஆளும் வந்துவிட்டான். அவருடைய மேசை தன் அறைக்குள் நுழையுமா என்று இன்னொருவன் டேப் வைத்து அளந்துகொண்டிருந்தான்.

போகட்டும். வீட்டில் அவருக்கு வேலையா இல்லை?

மூன்று வருடத்துக்கு முன் முழங்கால் பிசகி ஒரு மாதம் வீட்டோடு இருந்தபோதே சமையலறையைச் சீர்திருத்தியவர் அவர். கை நீட்டினால் கிடைக்கிற பொருளில் என்ன சுவாரஸ்யம் என்று உப்பு ஜாடியை மேல் தட்டுக்கு ஏற்றினார். உப்பை எடுக்க முக்காலி வேண்டும். முக்காலி இருப்பது ஸ்டோர் ரூமில். ஸ்டோர் ரூம் சாவி அழுக்குத்துணிக் கூடையின் அடியில். பாத்திரம் கழுவினால் பத்துப் புள்ளி, சத்தம் கேட்டால் ஐந்து போய்விடும். சுவரில் பலகை மாட்டி, தினமும் சாக்பீஸால் எழுதினார். மாதக் கடைசியில் மனைவி பூஜ்யத்துக்கும் கீழே நாற்பதில் நின்றாள். அன்று அவள் தேம்பித் தேம்பி அழுததை இன்றும் நெகிழ்ச்சியோடு நினைத்துக்கொள்வார்.

"அப்போ சமையல்கட்டோட நின்னுபோச்சு" என்றவர், சுருட்டி வைத்திருந்த சார்ட் பேப்பரைக் கடிதத்தின் பக்கத்தில் விரித்தார். "இந்தத் தடவை முழு வீடும். மொத்தம் பன்னிரண்டு கட்டம்."

அவள் குனிந்து பார்த்தாள். வாசல் கதவிலிருந்து மொட்டைமாடி வரை சிவப்பு மையில் அம்புக்குறிகள்.

"படுக்கையறை எத்தனாவது?"

"பதினொண்ணு. காஞ்ச துணியெல்லாம் மடிச்சு முடிச்சாத்தான் திறக்கும்."

காபி போட்டுக்கொண்டு வருவதாக உள்ளே போனாள். வர வழக்கத்தைவிட அதிக நேரம் ஆயிற்று. வந்த காபியும் ஆறிப்போயிருந்தது. ஆனந்தத்தில் அவளுக்குக் கை ஓடவில்லை போலும்.

கையெழுத்துப் போடக் குனிந்தவர் நிமிர்ந்தார். "அவன் இன்னிக்கு ஏதாவது எழுதியிருக்கானா?"

அவன் என்றால் 'பழைய செருப்பு'. மாஸ்டரின் ரசிகர்கள் கூடிப் பேசும் இணையதளத்தில் அந்தப் பெயரில் ஒளிந்துகொண்டு அவரைத் திட்டுகிறவன். முழங்கால் சரியாகி, வேலையை விட்டுவிடலாமா என்று அவர் முதன்முதலாக யோசித்த வாரத்தில் முளைத்தவன். இதற்கு முன்னும் இரண்டு முறை அவர் பேனாவைத் திறந்ததுண்டு. இரண்டு முறையும் மூடவைத்தவன் அவன்தான்.

"காலங்காத்தால அதெல்லாம் எதுக்குங்க? பிரஷர் ஏறும்."

அப்படியென்றால் எழுதியிருக்கிறான். கண்ணாடி எங்கேயோ இருந்தது. அவளையே படிக்கச் சொன்னார். செல்போனை வேண்டாவெறுப்பாக எடுத்தவள், ஒரு சொல் தடுமாறாமல் படித்தாள்.

"பெரிசு, கடையைக் கட்டப் போறீராமே. ரொம்ப நல்லது. எதையும் எட்டாத உயரத்துல வைக்கிறதுதான் உமக்குத் தெரிஞ்ச ஒரே வித்தை. அதைச் சின்னப் பசங்க தூக்கத்துலயே செய்வாங்க. வீட்ல போய்த் துணியை மடியும். அதுவாவது உமக்கு வருதான்னு பாப்போம்."

மாஸ்டரின் மூக்கு சிவந்தது. "நான் போறது இவனுக்கு எப்படித் தெரியும்?"

"ஆபீஸ்ல எவனாவது சொல்லியிருப்பான். நாய் குரைக்குதுன்னு விடுங்க. அவன் ஜெயிச்சதாவே இருக்கட்டும், நமக்கென்ன? நீங்க கையெழுத்தைப் போடுங்க."

"ஜெயிக்கிறதா? அவனா?"

கடிதம் இரண்டாயிற்று, நான்காயிற்று, எட்டாயிற்று. அவர் எழுந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"அவன் எழுதறதை என்னிக்கு நிறுத்தறானோ, அன்னிக்குத்தான் நான் வேலையை விடுவேன். ஆபீஸ்ல அந்தப் புதுத் தலைவிகிட்டயும் இதையே சொல்லப்போறேன். என்னை வெளியே தள்ளினா ரசிகனுங்க சும்மா விடமாட்டானுங்கன்னு அவளுக்குத் தெரியும்."

"நீங்க வீட்ல இருப்பீங்கன்னு எவ்வளவு ஆசையா இருந்தேன்" என்றாள் மனைவி, தலையைக் குனிந்துகொண்டு.

அவருக்குப் பாவமாக இருந்தது. அவள் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

கார் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று கையசைத்தாள். உள்ளே வந்து சார்ட் பேப்பரைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். சூடாக இன்னொரு காபி கலந்துகொண்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு செல்போனில் 'பழைய செருப்பு' கணக்கைத் திறந்து, ஒரு நாளும் விட்டுப்போய்விடக் கூடாதே என்று, அடுத்த வாரத்துக்கான வசைகளை இன்றைக்கே எழுதிவைக்க ஆரம்பித்தாள்.