கொண்டையின் அளவு

டெஸ்டோஸ்டிரோன் ஆராய்ச்சி சேவல்களை வைத்துத்தான் தொடங்கியது. விதை எடுத்த சேவலின் கொண்டை சுருங்கிவிடும். அதைக் காட்டுவதற்காக பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றின் விலங்கியல் ஆய்வகத்தில் முப்பது வருடமாக ஒரு சேவல் ஃபார்மலின் ஜாடிக்குள் நிற்கிறது. கொண்டை இரண்டு சென்டிமீட்டர் என்று சீனியர்களின் ரெக்கார்டைப் பார்த்தே எல்லோரும் எழுதுவார்கள். அஸீலா மட்டும் அளந்தாள்.

"நாலரைன்னு எழுதியிருக்க. அளந்தியா பிள்ள, இல்ல அடிச்சு விட்டியா?" என்றார் ஜெபஸ்டின் சார்.

"போன வாரம் நாலு இருந்துச்சு சார்."

சார் ஜாடியை ஒட்டி ஸ்கேலை வைத்து இரண்டு தடவை பார்த்தார். அவள் எழுதியதை அடித்துவிட்டு, இரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஜாடியின் மூடிமேல் ஏற்கெனவே இரண்டு செங்கல் இருந்தன. அவர் மூன்றாவதை எடுத்து வைத்தார்.