கண் கொட்டாமல் கேட்பவர்

“இன்னும் நாப்பத்தெட்டு மணி நேரம்தான் இருக்கு. இந்தச் சனியன் அந்த ஒரு மனுஷனைப் பார்த்தா மட்டும் ஏன்டா கத்துது?”

அக்கா எறிந்த திருப்புளி மேசைமேல் உருண்டு தம்பியின் மடியில் விழுந்தது.

“முன்ஜென்மப் பகையா இருக்கும்க்கா.”

“எனக்குச் சிரிப்பு வரலை.”

சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி. வண்டி ஓட்டுபவரின் கண்களையே பார்த்துக்கொண்டிருக்கும். கருவிழி அசையாமல் நின்றுவிட்டால், ஆளுக்குத் தூக்கம் வந்துவிட்டது என்று அலறும். பல்கலைக்கழகத்தின் தொழில் வளர்ப்பு மையத்தில், இந்த அறையிலேயே கிடந்து இருவரும் அதைச் செய்திருந்தார்கள். அறை, இணையம், சோதனைக்கூடம் எல்லாம் மையம் கொடுத்தது. நாளை மறுநாள் மதிப்பீடு. இயக்குநர் தலையசைத்தால் இன்னும் ஒரு வருடம் இங்கே இருக்கலாம். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

சிக்கலே அந்த இயக்குநர்தான்.

பக்கத்து அறை ட்ரோன்காரனை உட்கார வைத்துப் பார்த்தாயிற்று. நூலகரை உட்கார வைத்தாயிற்று. பெட்டி வாயே திறக்கவில்லை. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்த காவலாளிக்குக் கண் சொருகியபோது மட்டும் சரியாகக் கத்தியது. ஆனால் இயக்குநர் எதிரே உட்கார்ந்து, அக்கா விளக்கத் தொடங்கிய ஐந்தாவது நிமிடம், வீல்! மூன்று கூட்டத்திலும் இதே கூத்து. மூன்று முறையும் அவர், “அருமை, மேலே சொல்லுங்க” என்றார்.

இத்தனைக்கும் அவரைப்போல ஒரு பொறுமைசாலி மையத்திலேயே கிடையாது. யார் வந்து என்ன அளந்தாலும் கண் கொட்டாமல் கேட்பார். குறுக்கே ஒரு கேள்வி வராது.

“அதான்க்கா வினை. அவர் அவ்வளவு கவனமா கேக்குறார். கண்ணு அப்படியே நிக்குது. கவனத்துக்கும் தூக்கத்துக்கும் நம்ம பெட்டிக்கு வித்தியாசம் தெரியலை.”

அக்கா பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கவனமாக ஓட்டுகிறவனைப் பார்த்துக் கத்தும் கருவியை யார் வாங்குவார்கள்?

“இவர் முகம் தெரிஞ்சா கத்தாதேன்னு உள்ளே ஒரு வரி எழுதிடவா? ரெண்டு நிமிஷ வேலை.”

அவள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள்.

“அதே மாதிரி ஒருத்தர் நிஜமாவே தூங்கிக்கிட்டு லாரி ஓட்டிட்டு வந்தா? போடா. கத்தினா கத்தித் தொலையட்டும்.”

மதிப்பீட்டு அறையில் மூன்று பேர் மட்டும். இயக்குநர் சாய்ந்து உட்கார்ந்து, கண் கொட்டாமல் கேட்கத் தொடங்கினார். ஐந்தாவது நிமிடம்.

வீல்!

அக்கா கையிலிருந்த தாள்களை மேசையில் போட்டாள்.

“மன்னிச்சிடுங்க சார். உங்களை மாதிரி கவனமா கேக்குறவங்களைப் புரிஞ்சுக்கிற அளவுக்கு இதுக்குப் புத்தி இல்லை. இத்தனை நாள் தப்பாவே பண்ணியிருக்கோம். ரூமைக் காலி பண்ணிடறோம்.”

இயக்குநர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மெதுவாகத் துடைத்தார்.

“ரூமெல்லாம் காலி பண்ண வேண்டாம். முதல் பெட்டியை என் கார்ல மாட்டிடும்மா.”

“சார்?”

“வெளியில மூச்சு விடக்கூடாது.” அவர் குரலைத் தாழ்த்தினார். “கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டே தூங்குறது எனக்குப் பல வருஷப் பழக்கம். இதுவரைக்கும் அதைக் கண்டுபிடிச்சது என் சம்சாரமும் உங்க பெட்டியும்தான்.”