திரையில் துடித்த நாடி

"ராத்திரி தூங்கறதே இல்லையா நீங்க?" புற்றுநோய் டாக்டர் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"பஸ் ஓட்டின உடம்பு டாக்டர். சாய்ஞ்சா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவேன்."

"நாடியையும் நடையையும் அளக்க நாங்க மாட்டிவிட்ட கைப்பட்டை வேற மாதிரி சொல்லுதே! விடிய விடிய நடக்கறீங்க. நாடி படபடன்னு அடிக்குது. இந்த உடம்பு தாங்காது, கீமோவை நிறுத்துன்னு எச்சரிக்குது கம்ப்யூட்டர்."

"ஐயோ, நிறுத்திடாதீங்க டாக்டர்!" பக்கத்தில் இருந்த மனைவி பதறினாள்.

டிரைவர் மொட்டைத் தலையைத் தடவினார். "உண்மையைச் சொல்லிடறேன். தோல் அரிக்குதுன்னு பட்டையை நீங்க குடுத்த அன்னைக்கே கழட்டி அலமாரியில போட்டுட்டேன்."

டாக்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். நாடி நிதானமாக இருந்தது. திரையிலோ இந்த நிமிடமும் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தது.

"அப்போ இது யாரோடது?"

மனைவி தன் முழுக்கை ரவிக்கையின் கையை மெல்ல மேலே இழுத்தாள். மணிக்கட்டில் பட்டை.

"பட்டை சும்மா கிடந்தா ஆஸ்பத்திரியில இவரைத் திட்டுவாங்களேன்னு... நான் மாட்டிக்கிட்டேன்."

டிரைவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு வேற பட்டை குடுங்க டாக்டர். அரிச்சா அரிக்கட்டும். இது அவ கையிலயே இருக்கட்டும்."