பதினொண்ணு

"பன்னெண்டே கால்!"

படகின் கீழ்க் கேபினிலிருந்து என் வீட்டுக்காரர் கத்தினார். நான் மேல்தளத்துப் பலகையைக் காலால் ஒரு முறை தட்டினேன். காதில் விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

முன்பெல்லாம் "சரிங்க" என்பேன். இப்போது நாங்கள் பேசிக்கொள்வதில்லை. எஞ்சினைப் பற்றி நான் ஏதோ சொல்லப்போக, அவர் தன் தங்கை முன்னால் "இவளுக்கு என்ன தெரியும்" என்று சொல்லிச் சிரித்தார். அன்றோடு வாயைப் பூட்டியவள்தான்.

ஆனால் பேட்டரி நம் ரோஷத்தைப் பார்க்காதே.

சாயங்காலத்துக்குள் பெருங்காற்று வரும் என்று காலையிலேயே அறிவித்துவிட்டார்கள். மற்ற படகுகளெல்லாம் வாய்க்காலுக்குள் போய்ப் பத்திரமாகிவிட்டன. எங்கள் படகு மட்டும் துறையில் தனியாக ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு பேட்டரியும் செத்துக் கிடந்தன. சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற ஒரு சத்தத்தோடு சரி.

வெல்டிங் பட்டறையில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு சின்ன ஜெனரேட்டரைத் தூக்கி வந்தோம். அதைக் கரையில்தான் வைக்க வேண்டும். வயர் எட்டவில்லை. படகின் பின்பக்கத்திலேயே, புகை வெளியே தண்ணீர்ப் பக்கம் போகிற மாதிரி திருப்பி வைத்தேன்.

ஜெனரேட்டர் என் பொறுப்பு. கட்டிலுக்கு அடியில் இருக்கும் பேட்டரிகளும் சார்ஜரும் மீட்டரும் அவர் பொறுப்பு. பழைய பேட்டரி என்பதால் சூடாகிறதா என்று பக்கத்திலேயே உட்கார்ந்து தொட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

"பன்னெண்டரை!"

தட்டினேன்.

மீட்டர் என்னவோ வோல்ட்டைப் புள்ளி வைத்துத்தான் காட்டும். அவர் வாயில் காலும் அரையும்தான் வரும், காய்கறி வாங்குகிற மாதிரி.

வானம் ஒரு பக்கமாகக் கறுத்துக்கொண்டு வந்தது. பெட்ரோல் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று டேங்க் மூடியில் இருக்கும் முள்ளைப் பார்ப்பதும் வானத்தைப் பார்ப்பதுமாக நின்றேன்.

"பன்னெண்டே முக்கால்!"

வெகுநேரம் கழித்து, "பதிமூணு!"

இன்னும் கொஞ்சம் ஏறினால் போதும், எஞ்சின் எடுத்துவிடும். கட்டியிருந்த கயிறு விறைப்பதும் தளர்வதுமாக இருந்தது.

அப்புறம் சத்தமே இல்லை. ஜெனரேட்டர் மட்டும் தலைக்குள் இரைந்துகொண்டிருந்தது.

"பதினொண்ணு."

தட்டுவதற்குத் தூக்கிய கால் அப்படியே நின்றது.

பதினொன்றா? பிளக்கை அழுத்திப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது. கீழே கிளிப் கழன்றிருந்தால்கூட, பதிமூன்றில் இருந்தது ஐந்து நிமிடத்தில் பதினொன்றுக்கு இறங்காது. அவ்வளவு எனக்குத் தெரியும்.

பேட்டரி சரியாக இருக்கிறது என்றால், படிக்கிற ஆளுக்குத்தான் ஏதோ ஆகியிருக்கிறது.

அப்போதுதான் என் முந்தானை முகத்தில் வந்து அடித்தது. காற்று திரும்பியிருந்தது. வெளியே போய்க்கொண்டிருந்த புகை முழுவதும் இப்போது கேபின் வாசல் வழியாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.

போன மழைக்காலத்தில் ஐஸ் கடைக்காரர் அறையைச் சாத்திக்கொண்டு ஜெனரேட்டரை ஓடவிட்டுப் படுத்தவர்தான். எழுப்பப் போனவர்கள் அவர் தூங்குகிறார் என்றே நினைத்தார்களாம்.

ஜெனரேட்டரை அணைத்தேன். காது அடைத்தது மாதிரி ஆகிவிட்டது.

"ஏங்க!"

இன்னும் பலமாகக் கூப்பிட்டேன்.

மூச்சை அடக்கிக்கொண்டு கீழே இறங்கினேன். பேட்டரிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் திறந்துதான் இருந்தது, ஆனால் எழுந்திருக்கும் எண்ணமே இல்லாத முகம். சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். நான்கே படிதான். அந்த நான்கு படிக்குள் எனக்குத் தெரிந்த தெய்வங்களையெல்லாம் திட்டித் தீர்த்துவிட்டேன்.

மேலே காற்று முகத்தில் அடிக்கும்படி உட்காரவைத்தேன். ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்தார். தலை விண்விண் என்று தெறிக்கிறது என்றார். ஜன்னல்களைத் திறந்துவிடக் கீழே ஓடியபோது மீட்டரைப் பார்த்தேன். பதிமூன்றே கால் காட்டியது.

இதைப் போய்ப் பதினொன்று என்றிருக்கிறார். மூளை கலங்கிவிட்டது மனுஷனுக்கு. திரும்ப வந்து அவர் முகத்துக்கு நேரே மூன்று விரலை நீட்டினேன்.

"இது எத்தனை? சொல்லுங்க, எத்தனை?"

என் விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மூணு. எனக்கு எண்ணத் தெரியும்டி. பதினொண்ணுன்னது வோல்ட் இல்ல. நீ எங்கூடப் பேசி இன்னையோட பதினோரு நாளாச்சு, அதைச் சொன்னேன்."

அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தேன். அப்புறம் போய்ச் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

கயிற்றை அவிழ்க்கும்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினொன்று இல்லை, பன்னிரண்டு.

முதல் நாள் நான் பேசாமல் இருந்ததை அவர் கவனிக்கவே இல்லை.