ஜெபமணியம்மாவின் ஏரி

ஏரிகள் மீட்புத் துறையில் செயற்கைக்கோள் படம் சொன்னால் சொன்னதுதான். நேரில் போய்ப் பார்த்து, ஆமாம் என்று கையெழுத்துப் போடுவது என் வேலை.

எங்கள் செயற்கைக்கோள் முன்பெல்லாம் காலை பத்தரைக்கு ஊருக்கு மேலே வரும். சுற்றுப்பாதை வருடக்கணக்கில் நழுவி நழுவி, இப்போது மாலை ஐந்துக்கு வருகிறது. அந்த நேரத்தில் பக்கத்துப் பதினெட்டு மாடிக் குடியிருப்பின் நிழல், தையல்காரர் ஜெபமணியின் வீட்டின் மேல் நீண்டு கிடக்கும். படத்தில் நிழலும் கறுப்பு, தண்ணீரும் கறுப்பு. தொலைந்துபோன ஏரி கிடைத்துவிட்டதாக மேலிடம் கேக் வெட்டியது.

மறுநாள் உச்சி வெயிலில் நோட்டீசுடன் போனேன்.

“அம்மா, நீங்க ஏரிக்குள்ள குடியிருக்கீங்க. பதினஞ்சு நாள்ல காலி பண்ணணும்.”

“ஏரியா? குடிக்கவே லாரித் தண்ணி சார், அதுவும் வாரத்துக்கு ஒரு தடவை. செருப்பக் கழட்டிட்டு நில்லுங்க, கால் நனையுதான்னு பாப்போம்.”

“எனக்குத் தெரியுதும்மா. படத்துக்குத் தெரியலையே.”

“அப்ப தெரிஞ்ச நீங்க எழுதுங்க.”

படிவத்தில் ‘மறுப்பு’ என்று ஒரு கட்டம் இருந்தது. பதினோரு வருடமாக அதை யாரும் நிரப்பியதில்லை. பதவி உயர்வுப் பட்டியல் வரும் மாதம் என்பதால் நானும் நிரப்பவில்லை.

வீட்டை இடித்த பிறகும் நிழல் தவறாமல் அங்கேயே விழுந்தது. ஏரி முழுமையாக மீட்கப்பட்டதாக விழா எடுத்து எனக்குச் சால்வை போர்த்தினார்கள்.

அந்த ஏரியில் நான் கண்ணால் கண்ட தண்ணீர், அன்று நோட்டீசை வாங்கிக்கொண்டு ஜெபமணியம்மா எனக்குக் குடிக்கக் கொடுத்த ஒரு டம்ளர்தான்.